வாங்கி வந்த ஹெரால்டு: முதல் மாதத்துச் சில்லறை வேலைகள்

பழைய கார் வாங்கியவர் முதல் வாரத்திலேயே ஒரு பட்டியல் போட்டுவிடுவார். ஹாரன் அடிக்கவில்லை, இடது இண்டிகேட்டர் எரியவில்லை, காலையில் செல்ஃப் எடுக்க மறுக்கிறது, கதவுக் கண்ணாடி பாதியில் நின்றுவிடுகிறது. அந்தப் பட்டியலின் வரிசையிலேயே வேலையைத் தொடங்குவதுதான் இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பெரியது. எரிச்சல் தரும் கோளாறு பட்டியலின் தலையில் நிற்கும். ஆளைக் கொல்லக்கூடிய கோளாறு அடியில் கிடக்கும், பல நேரம் பட்டியலுக்கே வராது. இந்த அத்தியாயம் சொல்லவரும் வரிசை வேறு: முதலில் நிற்பது, அடுத்து தீப்பிடிக்காமல் இருப்பது, பிறகு சொன்ன பக்கம் திரும்புவது, கடைசியில்தான் ஓடுவது. இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐம்பது வயதுக் காரின் சில்லறைக் கோளாறுகளில் பெரும்பகுதி தேய்மானத்தால் வருவதில்லை. வண்டி சும்மா நின்றதாலும், முன்பு கைவைத்தவர்கள் அவசரத்துக்குச் செய்த ஒட்டுவேலையாலும் வருகிறது. எனவே சுத்தம் செய்வதும் இறுக்குவதும் அளப்பதும் முதல் வேலை, புதுப் பாகம் வாங்குவது கடைசி வேலை.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளும் கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் இதைத் தயாரித்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் இதன் மூலம். நான்கு பேர் உட்காரும் இந்தக் குடும்பக் காரை ஸ்போர்ட்ஸ் கார் அத்தியாயத்தில் ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். 1962இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் எலும்புக்கூட்டை மாற்றியமைத்து அதன்மேல் கட்டப்பட்டதுதான். முன்சக்கர அமைப்பும், பின்பக்கத்துக் குறுக்குப் பட்டையும், ஊசலாடும் பின்னச்சும் இரண்டுக்கும் ஒன்றே. இரண்டையும் வரைந்தவரும் இத்தாலியரான மிக்கெலோட்டிதான். ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவரும் கீழே உள்ளதில் பெரும்பகுதியை அப்படியே பின்பற்றலாம். முக்கிய வேறுபாடு, அதற்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். 1972இல் இதே ஸ்டாண்டர்டு நிறுவனம் கொண்டுவந்த கசெல் காரில் பின்னச்சையே மாற்றிவிட்டார்கள். அதனால் பின்னச்சைப் பற்றிய குறிப்புகள் கசெல்லுக்குப் பொருந்தா.

காகித வேலையை முதலில் முடித்துவிடுங்கள். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று காசு கைமாறுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்காக 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. அதன்படி பதிந்தால் வண்டியை அன்றாட வேலைக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. தினமும் கடைக்கு எடுத்துப்போக நினைப்பவர் அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

வேலை செய்யும் இடம்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் வண்டி வேலை பார்ப்பவருக்கு ஒரு பாதகம், ஒரு சாதகம். சுற்றிலும் பட்டாசு ஆலைகளும் கிட்டங்கிகளும் இருப்பது பாதகம். சாதகம், தீப்பொறியைப் பற்றி இந்த ஊருக்கு யாரும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மருந்து அறைக்குள் போகும் முன் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொடும் பழக்கம் இங்கே ஆயிரக்கணக்கான பேருக்குக் கைவந்தது. அதே ஒழுக்கத்தைப் பெட்ரோல் ஆவிக்கும் காட்டினால் போதும். காற்றைவிடக் கனமான இந்த ஆவி தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். அதனால் பெட்ரோல் வேலையைக் குழிக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ செய்யாதீர்கள். பட்டாசு, மருந்து, காகிதக் குழாய் வைத்திருக்கும் கட்டடத்தை ஒட்டிய இடமும் ஆகாது. கிரைண்டர், வெல்டிங் வேலையை ஊருக்குள் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஒயரிங் சரிபார்க்கப்படாத காரை எந்த ஆலை வளாகத்துக்குள்ளும் ஓட்டிச் செல்ல வேண்டாம். காவலாளி விட்டாலும் வேண்டாம்.

பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்றும், இரண்டு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எரியும் பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரும்பு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹாலோ பிளாக் கல் எச்சரிக்கை தராமல் நொறுங்கும். ஹெரால்டில் மட்கார்டும் விளக்குகளும் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். முன்டயர்மேல் உட்கார்ந்துகொண்டே கார்பரேட்டரைக் கழற்றலாம். இவ்வளவு வசதி இன்றைய எந்தக் காரிலும் கிடையாது. ஆனால் ஆடிக் காற்றில் அந்த அகலத் தகரம் பாய்போலக் காற்றை வாங்கும், தாங்கு கம்பியோடு ஒரு கயிறும் கட்டிவையுங்கள்.

முதல் வேலை: பிரேக்

எஞ்சின் ஓடவே இல்லை, பிரேக்கில் ஏன் நேரத்தை வீணாக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான ஆட்சேபம். ஓடாத வண்டி யாரையும் இடிக்காது என்பதே இதற்குப் பதில். எஞ்சின் கிளம்பிய அன்று மாலையே தெருமுனை வரைக்கும் ஒரு சுற்று போய்வரத் தோன்றும். அந்த ஆசைக்கு முன்பே பிரேக் தயாராக இருக்க வேண்டும். ஹெரால்டின் பிரேக் ஆயில் ஒரே சுற்றில் ஓடுகிறது. இன்றைய காரில் ஒரு பக்கம் கசிந்தாலும் மறுபாதி பிடிக்கும். இதில் ஒரு ரப்பர் வாஷர் கிழிந்தால் நான்கு சக்கரமும் போய்விடும், கைப்பிரேக் மட்டும்தான் மிச்சம். வெளியே கசிவு தெரியாத ரப்பர் குழாய்கூட உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை அழுத்தும் வேகத்தில் ஆயில் போகும், விட்டதும் திரும்பாது. பிரேக் ஒரு பக்கம் இழுப்பதற்கு லைனிங்கைக் குறைசொல்லி மாற்றிய பிறகும் இழுத்தால் இந்தக் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

1. வண்டியை நிறுத்திய நிலையில் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் கசிகிறது. அழுத்த அழுத்த உயர்ந்தால் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது டிரம்மில் இடைவெளி அதிகம்.

2. சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், காற்றுக் குழாயும் வேண்டாம். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

3. வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை லேசாகத் தூக்கிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் வாஷர் மாற்ற வேண்டும். ஒரு சக்கரத்தில் மாற்றினால் அதே அச்சின் மறுசக்கரத்திலும் மாற்றுங்கள்.

4. ரப்பர் குழாய்கள் எத்தனை நன்றாகத் தோன்றினாலும் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். புதுப் பாகம் கடைசி என்ற விதிக்கு இது விலக்கு, ஏனென்றால் உள்வீக்கத்தை வெளியிலிருந்து பார்க்க வழியில்லை.

5. பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றி ஒரே வகைப் புதிய பிரேக் ஆயிலை, டாட் 3 அல்லது 4, ஊற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் உள்ள சக்கரத்திலிருந்து காற்றெடுக்கத் தொடங்கி அருகில் உள்ளதில் முடியுங்கள்.

6. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே சதுரத் தலை அட்ஜஸ்டரை இறுக்குங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டதும், தடையில்லாமல் சுற்றும் அளவுக்குப் பின்வாங்குங்கள்.

குறிப்பு: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3214 என்றால் 2014ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் பத்து வருஷம் தாண்டிய டயரில் ஓட்டாதீர்கள். நான்கு இலக்க எண்ணே இல்லையென்றால் அது 2000க்கு முந்தையது, யோசிக்கவே வேண்டாம்.

இரண்டாவது: பெட்ரோல்

இந்தக் காரை வடிவமைத்தபோது பெட்ரோலில் ஈயம் இருந்தது, எத்தனால் இல்லை. இன்று நேர்மாறு. 2000 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்துவிட்டது. இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பரை வீங்கவைத்துப் பிளக்கும், டாங்கியின் உள்துருவைக் கிளப்பிக் கார்பரேட்டருக்கு அனுப்பும், காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் அந்த நீர் டாங்கியின் அடியில் தங்கும். மூன்றாவது கியரில் திணறுகிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை என்ற புகார்களுக்கு எஞ்சினைப் பிரித்துப் பார்த்து ஏமாந்தவர்கள் அதிகம். டாங்கியை வடித்தாலே பாதிப் புகார் போய்விடும்.

1. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எர்த் முனையை முதலில்.

2. வெயில் ஏறுவதற்கு முன், திறந்த வெளியில், டாங்கியை வடியுங்கள். இரும்பு டப்பாவில் பிடித்து, டப்பாவையும் வண்டி உடம்பையும் ஒரு செம்பு ஒயரால் இணையுங்கள். பிளாஸ்டிக் வாளி நிலைமின்சாரத்தைச் சேர்த்துவைக்கும், வேண்டாம்.

3. பம்ப்பின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் துரு, அடியில் உருளும் முத்து போன்ற துளி தண்ணீர். இரண்டுமே டாங்கியைக் கழுவச் சொல்கின்றன.

4. டாங்கியிலிருந்து கார்பரேட்டர் வரை எல்லா ரப்பர் ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள். கையால் மடக்கி வெடிப்பு தெரிகிறதா என்று பார்த்து முடிவெடுப்பது பத்தாது.

5. கார்பரேட்டரின் ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். துளை ஒரு நூலிழை பெரிதானாலும் பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது. ஊதித்தான் எடுக்க வேண்டும்.

வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றுவது குற்றம் என்பதோடு, இந்த ஊரில் அது எங்கே போய் எதைச் சந்திக்கும் என்று யாருக்கும் தெரியாது. மூடிய டப்பாவில் வைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது: முன்சக்கரத்து டிரன்னியன்

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் குடும்பத்தில் உயிருக்கு ஆபத்தான ஒரே ஒரு பாகத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருப்பார்கள். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. அதற்கு கியர் ஆயில் விடும்படிதான் தயாரிப்பாளர் கையேடு சொல்கிறது. சர்வீஸ் ஸ்டேஷனில் மற்ற நிப்பிளுக்கெல்லாம் அடிக்கும் கிரீஸையே இதற்கும் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் ஏறாமல் கட்டியாகி வழியை அடைக்கும், தண்ணீர் தங்கும், இரும்பு துருவேறி விரிசல் விடும். ஒரு நாள் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது தண்டு ஒடிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும். பெரும்பாலும் மெதுவான வேகத்தில், ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பியிருக்கையில் ஒடிகிறது. அந்தச் சுமை நெடுஞ்சாலை வளைவில் வந்தால் என்னாகும் என்பதை எழுத வேண்டியதில்லை. கிரீஸ் போட்டே பல வருஷம் ஓடிய வண்டிகள் இருக்கின்றனவே என்பவர்களுக்கு: ஒடியாத தண்டு நல்ல தண்டு என்பதற்கு அது சான்றாகாது, விரிசல் கட்டைக்குள் மறைந்து வளரும்.

1. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்புங்கள். நடுவில் எங்காவது இறுகினால், அல்லது ஓட்டும்போது ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாவிட்டால், டிரன்னியனைச் சந்தேகியுங்கள்.

2. கீழ்க்கட்டையின் சிறு பிளக்கைக் கழற்றி நிப்பிளை மாட்டி, ஆயில் கன்னால் 90 எண் கியர் ஆயிலை ஏற்றுங்கள். மேல் சீலில் புது ஆயில் பிதுங்கி வரும்வரை நிறுத்த வேண்டாம். ஏற்றும்போதே ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பட்டும்.

3. முதலில் வருவது செம்புத்தூள் கலந்த கறுப்புக் கிரீஸ் என்றால் கழற்றிச் சுத்தம் செய்து மரையைப் பாருங்கள். குழி விழுந்த தண்டைத் திரும்பப் போடக்கூடாது.

4. கழற்றினால் இடது வலது அடையாளம் போட்டுவையுங்கள். இரண்டு பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசை.

தண்டைக் கடைந்து செய்துதருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதற்குத் தரமான இரும்பு வேண்டும். மற்ற சிறு புஷ்களுக்குச் சிவகாசியைவிட நல்ல ஊர் கிடையாது. ஆப்செட் அச்சு மிஷின்களுக்கு நூலளவு பிசகாமல் புஷ் கடைந்து பழகிய லேத் பட்டறைகள் இங்கே இருக்கின்றன. கார் கடைக்காரர் கிடைக்காது என்று கைவிரிக்கும் பித்தளை புஷ்ஷைப் பழைய மாதிரியோடு அங்கே கொண்டுபோய்ப் பாருங்கள்.

நான்காவது: ஒயரிங்

எரியாத விளக்குக்குப் புது பல்பு வாங்குவதும், அடிக்காத ஹாரனுக்குப் புது ஹாரன் வாங்குவதும் வீண். இந்தக் காரில் மின்சாரம் திரும்பும் வழி வண்டியின் உடம்புதான். உடம்பு என்பதோ போல்ட் போட்டு இணைத்த தனித்தனித் தகரங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் பெயின்டும் துருவும் சேர்ந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வோல்ட் கழியும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்குவது எர்த் கெட்டதன் நேரடி அடையாளம்.

1. பேட்டரியின் எந்த முனை உடம்போடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். இந்தக் குடும்பத்தின் ஆரம்பகாலக் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த். பலர் பிறகு மாற்றியிருப்பார்கள். கண்ணால் பார்க்காமல் முடிவுசெய்யாதீர்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியும் இன்றைய வண்டியும் உடம்போடு உடம்பு உரச நிற்கையில் ஜம்ப் ஒயர் போட்டால் ஷார்ட்தான்.

2. பேட்டரி எர்த் பட்டை, எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலான பட்டை, விளக்குகளின் எர்த் ஒயர் என்று ஒவ்வொன்றையும் கழற்றி, உப்புத்தாளால் தகரம் மின்னும்வரை தேய்த்து இறுக்குங்கள்.

3. விளக்கைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி எர்த்திலும் மறுமுனையை விளக்கின் உடம்பிலும் வையுங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இன்னும் சரியில்லை.

4. டேப் சுற்றி முறுக்கிய இணைப்புகளைத் தேடி எடுங்கள். ஸ்டீரியோ, பனிவிளக்கு, அலாரம் என்று முன்னவர்கள் சேர்த்ததெல்லாம் அங்கேதான் இருக்கும். பயன்படாதவற்றை வேரோடு அகற்றுங்கள்.

5. இன்றைய காரைப்போல ஒவ்வொரு சுற்றுக்கும் தனி பியூஸ் இதில் கிடையாது. பேட்டரியிலிருந்து விளக்குகளுக்குப் போகும் வழியில் பியூஸ் பெட்டி ஒன்றைச் சேர்ப்பது மூலத்துக்குத் துரோகம் ஆகாது.

ஐந்தாவது: எஞ்சின்

948 சி.சி. எஞ்சின் எளிமையானது, பொறுமையானது. நெடுநாள் நின்றிருந்தால் செல்ஃபைத் தொடுவதற்கு முன் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளி எஞ்சினைச் சுழற்றுங்கள். பிறகு பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ., பிளக் இடைவெளி 0.65 மி.மீ., எஞ்சின் ஆறியிருக்கையில் வால்வு இடைவெளி 0.25 மி.மீ. பற்றவைக்கும் வரிசை 1-3-4-2. வால்வு சரிசெய்ய ஒரு சுலபக் கணக்கு: எட்டாவது வால்வு முழுதும் அமுங்கியிருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்யுங்கள், ஏழாவது அமுங்கும்போது இரண்டாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும். ஒரே வால்வின் இடைவெளி மாதாமாதம் குறைந்துகொண்டே போனால் ஈயமில்லாப் பெட்ரோல் அதன் சீட்டைத் தின்கிறது என்று பொருள். அது ஹெட்டைக் கழற்றும் வேலை, அதாவது அடுத்த அத்தியாயம்.

ஒருமுறையில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். பாயிண்ட், கண்டன்சர், பிளக், காயில் நான்கையும் ஒரே நாளில் மாற்றியவருக்குக் கோளாறு போனாலும் எதனால் போனது என்று தெரியாது. புதுக் கண்டன்சர் மோசமாக அமைந்து கோளாறு கூடினால் இன்னும் சிக்கல். பாயிண்டையே எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் தொல்லை விட்டதே என்ற வாதம் நியாயமானது, நான் அதற்கு எதிரியல்ல. ஆனால் கெட்ட எர்த்தும் ஆடும் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டும் இருக்கும் வண்டியில் அதைப் போட்டால் பழைய கோளாறு புதுப் பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளும். பாயிண்டோடு ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு போடுங்கள். நல்ல மெக்கானிக்கிடம் விட்டுவிடலாமே என்பதும் நியாயம்தான். பிரேக் வேலையை அனுபவமுள்ளவரிடம் காட்டிச் சரிபார்ப்பதில் வெட்கமே கிடையாது. ஆனால் தினம் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார் பார்ப்பவருக்கு டிரன்னியன் ஆயில் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு, சொல்லிச் செய்யவைக்க உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

சில்லறையாகத் தோன்றும் பெரிய கோளாறு ஒன்று உண்டு. எஞ்சினை அணைத்த நிலையில் ஒருவர் கிளட்சை மிதிக்க, நீங்கள் கிராங்க் புல்லியைப் பாருங்கள். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அது கழன்று சம்ப்பில் விழுந்தால் கிராங்கும் பிளாக்கும் சேர்ந்து கெடும். அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

இந்தப் பக்கத்துச் சித்திரை வெயிலில் சூடேறுவதும் வழக்கமான புகார். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பு படிந்து குழாய்கள் அடைபடும். ஆர்.ஓ. தண்ணீரோடு கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். ட்ராஃபிக்கில் நின்று சூட்டில் அணைந்து, ஆறியதும் கிளம்பினால் பெட்ரோல் பைப் சைலன்ஸரை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள், பைப்புக்குள் ஆவி கட்டியிருக்கும்.

ஓட்டிப் பார்ப்பது

1. விடிகாலையில் கிளம்புங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வெம்பக்கோட்டைச் சாலையில் சரக்கு லாரி அதிகம், பட்டாசு ஏற்றிய லாரியின் பின்னால் பிரேக் சோதனை செய்யக் கூடாது.

2. முதல் நாள் ஒரு கிலோமீட்டர் மட்டும். திரும்பி வந்ததும் புறங்கையை நான்கு டிரம்முக்கும் அருகில் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அங்கே பிரேக் விடாமல் பிடிக்கிறது.

3. வீல் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். வண்டிக்கடியில் பழைய அட்டையை விரித்துவைத்து, மறுநாள் காலையில் கறை எந்த இடத்தில், என்ன நிறத்தில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

4. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடாதீர்கள். ஊசலாடும் பின்னச்சில் சக்கரம் உள்ளே மடங்கி வால் வெளியே போகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தபடி போங்கள். பின்டயரில் முன்டயரைவிடக் காற்று கூடுதலாக இருக்கட்டும்.

5. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இறக்கியதும் பின்சக்கரங்களின் அடி உள்ளே ஒடுங்கி நிற்கும். அச்சு வளைந்துவிட்டதென்று பயப்பட வேண்டாம், அந்த நிலையில் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டாம். சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டிய பிறகு அளந்துகொள்ளலாம்.